பெண்கள் ஆளும் கிரகத்தைத் தையல்காரி கண்ணால் பார்ப்பது எப்படி

கோடம்பாக்கத்தில் இருபத்திரண்டு வருஷம் காஸ்ட்யூம் அசிஸ்டென்டாக இருந்தேன். அளவெடுப்பது, கிழிந்ததைத் தைப்பது, வியர்வையில் நனைந்த ஜாக்கெட்டை அடுத்த ஷாட்டுக்குள் இஸ்திரிப் பெட்டியால் காயவைப்பது, இதெல்லாம்தான் வேலை. அதனால் எந்தப் படத்துக்கு உட்கார்ந்தாலும் நடிகர் முகம் எனக்கு அப்புறம்தான். தோள்பட்டைத் தையல் தோளில் உட்கார்ந்திருக்கிறதா, கீழே நழுவியிருக்கிறதா என்றுதான் கண் முதலில் போகும். இது ஒரு வியாதி என்பாள் என் அக்கா மகள். அவளேதான் போன ஐப்பசியில் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து நீட்டினாள். "சித்தி, இதுல அஞ்சு படம் இருக்கு. அஞ்சுலயும் பொம்பளைங்க ராஜ்யம். அஞ்சும் மட்டம். நீங்க பாத்தே ஆகணும்."

மட்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஐந்து சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து ஐந்தையும் பார்த்து முடித்தோம். நல்ல படங்களைப் பார்த்துக் கற்றதைவிட இவற்றில் அதிகம் கற்றேன். நல்ல படத்தில் தையல் வெளியே தெரியாது, இவற்றில் உள்பக்கம் வெளியே திரும்பியிருக்கும். ஆனால் பார்க்க ஒரு முறை இருக்கிறது. அது தெரியாமல் போட்டால் இருபதாவது நிமிஷம் அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவீர்கள்.

எதை முதலில் போடுவது

முதலில் போடவேண்டியது 1958-இல் வந்த 'குயின் ஆஃப் அவுட்டர் ஸ்பேஸ்'. கலர் படம், சினிமாஸ்கோப், எண்பது நிமிஷம். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருப்பதால் வந்தவர்கள் ஓடமாட்டார்கள். இரண்டாவது, 1953-இன் 'கேட் விமன் ஆஃப் தி மூன்'. கறுப்பு வெள்ளை, அறுபத்து நாலே நிமிஷம். மூன்றாவது, இங்கிலாந்தில் எடுத்த 'டெவில் கேர்ள் ஃப்ரம் மார்ஸ்', 1954. கடைசியாக 1968-இன் 'வாயேஜ் டு தி பிளானட் ஆஃப் பிரீஹிஸ்டாரிக் விமன்'. அதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன். பென் டிரைவில் இருந்த ஐந்தாவது 'ஃபயர் மெய்டன்ஸ் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்', 1956. வியாழனின் பதின்மூன்றாவது நிலாவில் இருக்கும் பெண்கள் ரஷ்ய இசையமைப்பாளர் போரோதினின் சங்கீதத்துக்கு ஆடுவார்கள், திரும்ப ஆடுவார்கள், இன்னும் ஆடுவார்கள். காதால் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரிக்கலாம். உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை.

ஒரு ராத்திரிக்கு ஒரு படம். இரண்டு போட்டால் ராணிகள் எல்லாம் குழம்பிப்போவார்கள்.

முதல் படத்துக்கு அகலமான பிரிண்ட் வேண்டும். அதில் நான்கு விண்வெளி வீரர்களையும் கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி வரிசையாகத்தான் பெரும்பாலும் நிறுத்தியிருப்பார்கள். சதுரமாக வெட்டிய பிரிண்டாக இருந்தால் ஓரத்துச் சட்டை காணாமல் போய்விடும். இங்கிலீஷ் சப்டைட்டிலும் போட்டுக்கொள்ளுங்கள். இதில் நடிக்கும் ஜா ஜா காபோர் ஹங்கேரிக்காரி. கதை நடக்கும் வீனஸில், அதாவது வெள்ளிக் கிரகத்தில், மற்ற பெண்கள் எல்லாரும் அமெரிக்காவில் பிறந்த மாதிரிப் பேச, இவர் மட்டும் புடாபெஸ்ட் வாடையோடு பேசுவார். படத்தில் ஒருவருக்கும் இது விநோதமாகத் தோன்றுவதில்லை.

கூட உட்காருவது யார் என்பதும் முக்கியம். சினிமா படித்தவர்களைவிடக் கையால் வேலை செய்கிறவர்கள் நல்லது. அக்கா மகள் மேடை லைட்டிங் வேலை பார்க்கிறாள். அவளோடு வேலை செய்யும் எலெக்ட்ரீஷியன் பையன் ஒருவன் வந்தான், கேட்டரிங் நடத்தும் பக்கத்து வீட்டு அம்மா வந்தார். ரிமோட் ஒருவர் கையில். ஆளுக்கு மூன்று தடவை படத்தை நிறுத்தலாம், நிறுத்தியவர் எதற்கு என்று சொல்லவேண்டும். மூன்று முடிந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். இந்த விதி இல்லாவிட்டால் எண்பது நிமிஷப் படம் விடியும்வரை ஓடும். (முதல் வாரம் ஓடியது.)

ஆரம்பத்தில் கதையைத் தேட வேண்டாம்

'குயின் ஆஃப் அவுட்டர் ஸ்பேஸ்' கதை இவ்வளவுதான். வருஷம் 1985. கேப்டன் பாட்டர்சனும் இரண்டு ஆட்களும் ஒரு புரொஃபசரை விண்வெளி நிலையத்தில் கொண்டுபோய் விடக் கிளம்புகிறார்கள். கண்ணெதிரிலேயே அந்த நிலையத்தை ஏதோ ஒரு கதிர் பொசுக்குகிறது. ராக்கெட் நிலைகுலைந்து வீனஸில் போய் விழுகிறது. அங்கே பெண்கள் ராஜ்யம். ராணி இல்லானா முகமூடி போட்டவள். ஆண்கள் எல்லாரையும் ஒரு துணைக்கோளுக்குத் துரத்திவிட்டாள். ஜா ஜா காபோர்தான் ராணி என்று போஸ்டரைப் பார்த்தவர்கள் நினைப்பார்கள், அது தப்பு. அவர் டல்லியா என்ற விஞ்ஞானி, ராணிக்கு எதிராகச் சதி செய்பவர். ராணியாக வருவது லாரி மிட்செல்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆன பிறகுதான் டைட்டிலே வரும். அதுவரை கதையை விட்டுவிட்டு ராக்கெட்டைப் பாருங்கள். டைரக்டர் எட்வர்ட் பெர்ன்ட்ஸ் இரண்டு வருஷம் முன்னால், 1956-இல், 'வேர்ல்ட் வித்தவுட் எண்ட்' என்று ஒரு விண்வெளிப் படம் எடுத்திருந்தார். அதே அலைட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பெனிதான். அதிலிருந்த ராக்கெட் ஷாட்டுகளை வெட்டி எடுத்து இதில் ஒட்டிவிட்டார்கள். குகையில் பாய்ந்துவரும் ராட்சசச் சிலந்திகூட அந்தப் படத்துச் சிலந்திதான், மறுபடி வேலைக்கு வந்திருக்கிறது.

ஒட்டுப்போட்ட ஷாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? துணியில் ஒட்டுப்போட்டதைக் கண்டுபிடிப்பது மாதிரிதான். முதலில் நிறம். ஷாட் மாறும்போது கறுப்பு சட்டென்று சாம்பலாகிறதா, வானத்தின் நீலம் வேறு நீலமாகிறதா என்று பாருங்கள். அடுத்தது இழை. பழைய ஃபிலிமிலிருந்து திரும்பப் பிரதி எடுத்தால் பொரிப்பொரியாகத் தெரியும். அப்புறம் வடிவம். தரையில் நிற்கும் ராக்கெட்டின் வாலை ஒரு தாளில் கிறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். பறக்கும்போது ஒருதரம், விழும்போது ஒருதரம் ஒப்பிட்டால் போதும். சிரிப்பதற்கு நமக்கு ரொம்ப உரிமை கிடையாது. குதிரைப் படையும் யானைப் படையும் எங்கள் பக்கமும் ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்கு நடந்தே போயிருக்கின்றன.

இப்போது துணி

இங்கேதான் என்னுடைய மூன்று நிறுத்தங்களையும் செலவழித்தேன். நீங்களும் அப்படியே செய்யலாம்.

1956-இல் எம்ஜிஎம் 'ஃபர்பிடன் பிளானட்' என்று ஒரு பெரிய பட்ஜெட் விண்வெளிப் படம் எடுத்தது. ஆண்களின் உடைக்கு வால்டர் பிளங்கெட். 'கான் வித் தி விண்ட்' படத்துக்கு உடை வடித்த அதே மனிதர். கதாநாயகி ஆன் பிரான்சிஸுக்கு ஹெலன் ரோஸ். இந்த ஹெலன் ரோஸ்தான் அதே 1956-இல் கிரேஸ் கெல்லி மொனாக்கோ இளவரசரைக் கட்டிக்கொண்டபோது போட்டிருந்த கல்யாண கவுனை வடிவமைத்தவர். அந்தப் படம் முடிந்ததும் துணிமணியும் துப்பாக்கிகளும் சரக்கறைக்குப் போயின. இரண்டு வருஷம் கழித்து அதில் ஒரு பகுதியை 'குயின் ஆஃப் அவுட்டர் ஸ்பேஸ்' வாங்கிப் போட்டுக்கொண்டது. வீனஸில் காவல் நிற்கும் பெண் போட்டிருக்கும் குட்டைப் பாவாடை கிரேஸ் கெல்லியின் கல்யாண உடை பிறந்த அதே கையில் பிறந்ததாக இருக்கலாம். அக்கா மகளிடம் இதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. 'ஃபர்பிடன் பிளானட்'டை அடுத்த நாள் பத்து நிமிஷம் போட்டுக் காட்டினேன். நம்முடைய புடவையைப் பக்கத்துத் தெருக்காரி கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்த மாதிரி இருக்கும்.

இரவல் துணியைக் கண்டுபிடிக்கும் அடையாளங்கள் சில சொல்கிறேன். ஒரு உடம்புக்குத் தைத்ததை இன்னொரு உடம்பில் மாட்டினால் முதலில் காட்டிக்கொடுப்பது அக்குள். கை தூக்கும்போது மொத்தச் சட்டையும் மேலே ஏறும். அடுத்தது இடுப்பு. இடுப்புத் தையல் உண்மையான இடுப்புக்கு ஒரு அங்குலம் மேலேயோ கீழேயோ நின்றால், அதை மறைக்க ஒரு பெல்ட் கட்டுவோம். ஆகவே காரணமில்லாமல் பெல்ட் வந்தால் சந்தேகப்படுங்கள். முதுகையும் கவனியுங்கள். சிலரை டைரக்டர் திரும்பவே விடமாட்டார். கொக்கி எட்டாமல் பின்னால் ஊக்கு குத்தியிருந்தால் அந்தப் பெண் படம் முழுக்க நேராகத்தான் நிற்பாள்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், செய்திருக்கிறேன். ஒரு புராண சீரியலில் இந்திரலோகத்துக்கு முப்பத்திரண்டு குரூப் டான்ஸர்களுக்கு நீல சாட்டினில் பாவாடை தைத்தோம், அகல ஜரிகை பார்டரோடு. எட்டு மாதம் கழித்து அதே கம்பெனி ஒரு படத்தில் பேய்கள் ஆடும் பாட்டுக்கு அதே பாவாடையைக் கேட்டது. பார்டரைப் பிரித்தோம், கறுப்புச் சாயத்தில் முக்கினோம், கீழே கிழித்துவிட்டோம். எல்லாம் சரி. ஆனால் சாட்டினில் ஊசி போன ஓட்டை மூடாது. பார்டர் இருந்த இடத்தில் வரிசையாகப் புள்ளி. ஆடிச் சுற்றும்போது பின்னால் இருந்த லைட் அந்த ஓட்டைகள் வழியாக வந்து ஒவ்வொரு பேய்க்கும் கீழே நட்சத்திரம் கட்டின மாதிரித் தெரிந்தது. டைரக்டர் அது வேண்டுமென்றே செய்தது என்று நினைத்துப் பாராட்டினார். கூலியில் பாதி இன்னும் வரவில்லை, அது வேறு கதை.

செருப்பையும் பாருங்கள். வீனஸ் காவலாளிகள் ஹை ஹீல்ஸில் காவல் காக்கிறார்கள். கல்லும் செடியுமான தரையில் குதிகால் செருப்போடு எதிரியைத் துரத்திப் பிடிக்க முடியுமா என்று நின்று யோசித்தாலே ஒன்று புரியும். ஆளப்போகிறவள் உட்கார்ந்து யோசித்து எடுத்த உடுப்பு அல்ல இது. வெளியே நின்று பார்க்கிறவன் எடுத்தது.

ராணியின் முகமூடிக்கு மட்டும் முழு மார்க் கொடுப்பேன். மலிவான சாமான், ஆனால் படத்திலேயே நன்றாக உழைத்தது அதுதான். முதல் பாதியில் அது பயமுறுத்துகிறது. நடுவில் பாட்டர்சன் அதைப் பிடுங்க, உள்ளே கதிரியக்கத்தில் வெந்த முகம். ஆண்கள் நடத்திய யுத்தம் செய்த வேலை. அப்புறம் டல்லியா அதே முகமூடியைப் போட்டுக்கொண்டு ராணியாக வேஷம் போடப் பார்க்கிறாள். ஒரே ப்ராப்பர்ட்டியில் மூன்று சீன். குறைந்த காசில் படம் எடுக்க நினைக்கும் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்: பத்து சாமானை ஒவ்வொரு தடவை காட்டுவதைவிட ஒரு சாமானைப் பத்து தடவை வேலை வாங்குவது மேல்.

நிலாவில் ஆபீஸ் நாற்காலி

இரண்டாம் சனிக்கிழமை 'கேட் விமன் ஆஃப் தி மூன்'. இது எலெக்ட்ரீஷியன் பையனின் ராத்திரி. ராக்கெட்டுக்குள் ஆபீஸ் நாற்காலியும் மேஜையும் கிடப்பதைப் பார்த்ததும் முதல் நிறுத்தத்தைப் போட்டுவிட்டான். "ஆன்ட்டி, இவங்க நிலாவுக்குப் போறாங்களா, ஆடிட்டிங்குக்குப் போறாங்களா?" குகைக்குள் போனதும் காற்று இருக்கிறதா என்று பார்க்க ஒருத்தர் தீக்குச்சியைக் கிழிப்பார், அது எரியும். சரி, காற்று இருக்கிறது, ஹெல்மெட்டைக் கழற்று. அங்கே அவனுடைய இரண்டாவது நிறுத்தம்.

பூனைப் பெண்கள் நிலாவின் மறுபக்கத்தில் வசிக்கிறார்கள். 1953-இல் அப்படிச் சொல்ல யாருக்கும் தடையில்லை. மறுபக்கத்தை ஒருவரும் பார்த்ததில்லை. சோவியத்தின் லூனா 3 விண்கலம் அதைப் படம் எடுத்து அனுப்பியது 1959 அக்டோபரில். இதே கதையை 'மிசைல் டு தி மூன்' என்று 1958-இல் இன்னொரு தடவை எடுத்தார்கள். ஒரு வருஷம் தாமதித்திருந்தால் பூனைப் பெண்களுக்கு வீடு இருந்திருக்காது.

துணி விஷயத்தில் இந்தப் படம் கெட்டிக்காரத்தனமானது. எல்லாப் பெண்களுக்கும் உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை. கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்புத் துணியின் தையல் தெரியாது, சுருக்கம் தெரியாது, அழுக்கும் தெரியாது. பின்னால் கறுப்பு நிழல் இருந்தால் துணியின் ஓரமே தெரியாது. காசில்லாதவனுக்குக் கறுப்பு ஒரு தெய்வம். ஒரே ஒரு விஷயத்தில் ஏமாந்தார்கள். படம் முப்பரிமாணத்தில் வந்தது, அதனால் சிலந்தி மேலேயிருந்து நம் மேல் இறங்கவேண்டும். இறங்குகிறது, கயிற்றில்.

பாதியில் ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இசை எல்மர் பெர்ன்ஸ்டைன். 'தி டென் கமாண்ட்மென்ட்ஸ்', 'தி மேக்னிஃபிசன்ட் செவன்' படங்களுக்கு இசையமைத்தவர். கம்யூனிஸ்ட் அனுதாபி என்று சந்தேகப்பட்டு பெரிய கம்பெனிகள் அவரைத் தள்ளிவைத்திருந்த வருஷங்கள் அவை. அதனால் பூனைப் பெண்களுக்கும் சிலந்திக்கும் வாசித்தார். டைட்டிலில் அவர் பெயரை எழுத்துப்பிழையோடு போட்டிருக்கிறார்கள். டைட்டில் கார்டில் பெயரே வராமல் இருபத்திரண்டு வருஷம் தள்ளியவள் என்பதால், பிழையோடு வந்தாலும் வந்ததே என்று எனக்குத் தோன்றியது.

கிரகத்தைக் காட்டாமலேயே ஒப்பேற்றுவது

'டெவில் கேர்ள் ஃப்ரம் மார்ஸ்' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செவ்வாயில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சண்டை நடந்து பெண்கள் ஜெயித்துவிட்டார்கள். ஆண்கள் மெலிந்துவிட்டதால் பூமியிலிருந்து ஆள் பிடித்துப்போக நையா என்பவள் வருகிறாள். லண்டனுக்குப் போக வேண்டியவள் ஸ்காட்லாந்தில் ஒரு சின்ன சத்திரத்துப் பக்கம் இறங்கிவிடுகிறாள். ஏறக்குறைய மொத்தப் படமும் அந்தச் சத்திரத்தில்தான். செவ்வாயை ஒரு ஷாட்டில்கூடக் காட்டமாட்டார்கள், எல்லாம் நையா வாயால் சொல்வதுதான். செலவில்லாத கிரகம். காலில்லாத ஃபிரிட்ஜுக்குக் கால் வைத்த மாதிரி ஒரு ரோபோ வரும்.

ஆனால் நையாவாக வரும் பெட்ரீஷியா லாஃபனின் பளபளக்கும் கறுப்பு அங்கியைப் பாருங்கள். அவர் நடந்துவரும்போது வெளிச்சம் அதில் வழுக்கிக்கொண்டே இறங்கும். ஐந்து படங்களில் அளவெடுத்துத் தைத்தது என்று நான் சத்தியம் செய்யக்கூடிய ஒரே உடை. அவரும் அதற்குத் தகுந்த மாதிரி நிற்கிறார், யாரையும் மயக்கப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா, "இந்தம்மா உத்தரவு போட்டா நானே சாம்பார் வாளியத் தூக்கிட்டு ஓடுவேன்" என்றார்.

ஒரு ஃபிரேமில்கூடச் சந்திக்காதவர்கள்

கடைசிப் படத்தை இதுவரை தள்ளிவைத்ததற்குக் காரணம், ஒட்டைக் கண்டுபிடிக்க உங்கள் கண் பழகியிருக்க வேண்டும். 'வாயேஜ் டு தி பிளானட் ஆஃப் பிரீஹிஸ்டாரிக் விமன்' பார்க்கும்போது ஒரு தாளில் இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வீரர்கள் வரும் ஷாட், இன்னொரு பக்கம் பெண்கள் வரும் ஷாட். இருவரும் சேர்ந்து வரும் ஷாட்டுக்கு மூன்றாவதாக ஒரு இடம் விடுங்கள். படம் முடியும்போது அது காலியாக இருக்கும்.

நடந்தது இது. சோவியத் டைரக்டர் பாவெல் க்ளுஷான்ட்சேவ் 1962-இல் லெனின்கிராடில் வீனஸ் பயணம் பற்றி 'பிளானெட்டா பூர்' என்ற படத்தை எடுத்தார். பிரமாதமான செட்டும் ரோபோவும் உள்ள படம். அமெரிக்காவில் தயாரிப்பாளர் ரோஜர் கார்மன் அதன் உரிமையை வாங்கி, கொஞ்சம் மாற்றி, 1965-இல் ஒரு படமாக விட்டார். பிறகு விநியோகஸ்தர்களுக்கு இன்னொரு படம் வேண்டியிருந்தது, அதில் பெண்கள் வேண்டும் என்றார்கள். அப்போது பெரிய பெயர் வாங்காத பீட்டர் போக்டனோவிச் கலிபோர்னியாவின் லியோ கரியோ கடற்கரைக்கு நடிகை மேமி வான் டோரனையும் சில பெண்களையும் கூட்டிப்போய்க் கிளிஞ்சல் மேலாடை மாட்டிவிட்டு எடுத்தார். டெரெக் தாமஸ் என்ற பெயரைப் போட்டுக்கொண்டார். மூன்று வருஷம் கழித்து 'தி லாஸ்ட் பிக்சர் ஷோ' எடுத்துப் புகழ்பெற்றவர்.

கடற்கரையில் குரல் பதிவு செய்யவில்லை. அதனால் வீனஸ் பெண்கள் வாய் திறக்கமாட்டார்கள், மனசாலேயே பேசிக்கொள்வார்கள். இல்லாமையை எப்படிச் சட்டமாக்கியிருக்கிறார்கள் பாருங்கள்! ரஷ்யப் படத்தில் வீரர்கள் ஒரு பறக்கும் விலங்கைக் கொல்கிறார்கள். அதுதான் எங்கள் சாமி என்று கலிபோர்னியாப் பெண்கள் இங்கே அழுகிறார்கள். அங்கே எரிமலை வெடிக்கிறது, இங்கே நாங்கள்தான் வெடிக்க வைத்தோம் என்கிறார்கள். அங்கே ரோபோ எரிமலைக் குழம்பில் மூழ்குகிறது, இங்கே அதைத் தோண்டி எடுத்துப் புதுச் சாமியாக நிறுத்துகிறார்கள். இரண்டு வேறு துணிகளைச் சேர்த்து ஒரு சட்டையாக்க எத்தனை இடத்தில் முடிச்சுப் போட்டிருக்கிறார் என்று எண்ணினால் மரியாதை வந்துவிடும். வீனஸின் தரை ஈயம் உருகும் சூடு என்பதற்கான தடயம் 1962 டிசம்பரில் அமெரிக்க விண்கலம் மரைனர் 2 அதைக் கடந்தபோதே கிடைத்துவிட்டது. போக்டனோவிச்சுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. பெண்கள் பாறைமேல் படுத்து வெயில் காய்கிறார்கள்.

நோட்டில் எழுத வேண்டியது

எல்லாப் படத்துக்கும் பொதுவாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தலைப்பு: இங்கே பெண்கள் என்ன வேலை செய்கிறார்கள்? நாங்கள் எழுதியதில் வந்தவை: காவல், சதி, ஆட்டம், சாமி கும்பிடுவது, மனசால் பேசுவது. டல்லியாவுக்கு ஒரு ஆராய்ச்சிக்கூடம் உண்டு, அதற்கு ஒரு மார்க். சமைக்கிற ஆள் ஒருத்தியும் இல்லை என்று பக்கத்து வீட்டு அம்மா குறித்தார். கம்பி இழுத்த ஆள் யார் என்று பையன் கேட்டான். நான் எழுதியது: தையல்காரி இல்லை. ஒரு கிரகம் முழுக்கச் சாட்டின் உடுத்தியிருக்கிறது, ஊசி பிடித்த ஒரு கையைக்கூடக் காட்டவில்லை.

முதல் படத்தின் கதைச் சுருக்கம் பென் ஹெக்ட் எழுதியது, திரைக்கதை சார்லஸ் பியூமான்ட். இரண்டு பேரும் சாமானியர்கள் இல்லை. ஹெக்ட் முதல் ஆஸ்கர் விழாவிலேயே கதைக்காகப் பரிசு வாங்கியவர், பியூமான்ட் பின்னால் 'தி ட்விலைட் ஸோன்' தொடருக்கு எழுதியவர். அவர்களுக்கே பெண்கள் ராஜ்யத்தில் ஆண் வந்து இறங்காத ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று எழுதத் தோன்றவில்லை. ராணி தன் ஆயுதத்தாலேயே எரிந்துபோகிறாள். மீட்புக் கப்பல் வர ஒரு வருஷம் ஆகும் என்று பூமியிலிருந்து செய்தி வர, வீரர்கள் ஆளுக்கொருத்தியை அணைத்துக்கொள்ள, சுபம்.

வெள்ளைக்காரன் புத்தி என்று நாம் சிரித்துவிட்டுப் போகவும் முடியாது. என் பாட்டி ஒரு வீட்டில் மாமியார் அதட்டினால் "அங்கே அல்லி ராஜ்யம்" என்பாள். அல்லி அரசாணி மாலையில் மதுரையைப் பெண் படையோடு ஆண்ட அல்லி என்ன ஆனாள்? அர்ச்சுனன் பாம்பாக வந்து, தூங்கும்போது தாலி கட்டிவிட்டுப் போனான். பாட்டர்சன் முகமூடியைப் பிடுங்கியபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

ஆகவே ஐந்தாவது சனிக்கிழமை படம் முடிந்ததும் ஒரு கதையைப் படியுங்கள். அரைமணி போதும். ரொக்கையா சகாவத் ஹுசைன் என்ற வங்காளப் பெண் இங்கிலீஷில் எழுதிய 'சுல்தானாவின் கனவு'. 1905-இல் முதலில் அச்சானது நம் மதராஸிலிருந்து வந்த 'இண்டியன் லேடீஸ் மேகஸின்' பத்திரிகையில். விண்கலம் கிடையாது, பட்ஜெட் கிடையாது. பெண்கள் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்கிறார்கள். சூரியச் சூட்டில் சமைப்பதும் அவர்கள்தான். பெண்கள் மேகத்திலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள், பறந்துபோகிறார்கள், இரண்டு மணி நேரத்தில் ஆபீஸ் வேலையை முடித்துவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் அக்கா மகள் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தாள். நான் ஒரு பாவாடைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தேன். கதையில் சுல்தானாவுக்கு ஊர் சுற்றிக்காட்டும் சாரா ஒரு இடத்தில் உட்கார்ந்து பூத்தையல் போடுகிறாள். இந்த வேலையை ஆண்களிடம் கொடுப்பதில்லை, ஊசிக் காதில் நூல் கோக்கும் பொறுமைகூட அவர்களுக்குக் கிடையாது என்று சிரிக்கிறாள். ஐந்து வாரம் தேடிய தையல்காரி கடைசியில் இங்கே இருந்தாள்.

நானும் சத்தமாகச் சிரித்தேன். சிரித்ததில் நூல் உருவிவிட்டது. இப்போதெல்லாம் எனக்குக் கண்ணாடி இல்லாமல் கோக்க முடியாது, கண்ணாடி உள்ளறையில் இருந்தது. அக்கா மகளிடம் நீட்டினேன், மூன்று தடவை முயன்றாள். எலெக்ட்ரீஷியன் பையன் கையை நீட்டி ஊசியை வாங்கி, நூல் நுனியை விரலால் முறுக்கி, ஒரே தடவையில் கோத்துக் கொடுத்துவிட்டு, "அப்புறம் என்ன ஆச்சு, படிங்க" என்றான்.